உயிரோடு இருந்தவரை அப்பாவின் பணம் அப்பாவுக்கு இல்லை: 234 சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2024 ஆவணியில் என் அப்பா காலமானார். இறப்புச் சான்றிதழையும் அம்மாவின் ஆதார் நகலையும் வங்கியில் கொடுத்த எட்டாம் நாள், அப்பா பெயரில் இருந்த டெபாசிட் 11 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் அம்மாவின் கணக்குக்கு வந்துவிட்டது. நாமினியாக அம்மா பெயர் இருந்ததால் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இறந்தவரின் கணக்கை 15 நாளுக்குள் முடித்துக்கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த விதிப்படியே எல்லாம் நடந்தது.

அதே பணத்திலிருந்து, மறதி நோயால் தன் முடிவைத் தானே எடுக்க முடியாமல் அப்பா உயிரோடு இருந்த கடைசி மூன்று ஆண்டுகளில், அவருக்கு ஒரு பாக்கெட் டயப்பர் வாங்கக்கூட எங்களால் எடுக்க முடியவில்லை. அவர் பணம், அவர் பெயரில், அவர் ஊர் வங்கியில் இருந்தது. அவர் செத்த பிறகுதான் அது வெளியே வந்தது.

இதைச் சொல்லத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு இனி எதுவும் ஆகப்போவதில்லை. ஆனால் உங்கள் தொகுதியில் இதே நிலையில் இன்று எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிட உங்களால் முடியும்.

அப்பா கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர். பரம்பரையாக ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் முறை 1980இல் ஒழிந்த பிறகு பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவர்களில் ஒருவர். பாபநாசம் வட்டத்துக் கிராமங்களில் 26 ஆண்டுகள் ‘வி.ஏ.ஓ. சார்’. சர்வே நம்பரைச் சொன்னால் நான்கு எல்லையையும் சொல்லிவிடுவார். ஜமாபந்தி நெருங்கினால் எங்கள் திண்ணை முழுக்க அடங்கல் பதிவேடுகள் கிடக்கும்; நாங்கள் தாண்டித் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். வாரிசுச் சான்று கேட்டு வருகிறவர்களிடம் அவர் தவறாமல் சொல்வது ஒன்றுதான்: “கை கால் நல்லா இருக்கும்போதே எழுத வேண்டியத எழுதி வச்சிருங்கய்யா.” ஊருக்கெல்லாம் சொன்னவர், அண்ணன் பெயருக்கு எழுதிய ஓர் அதிகாரப் பத்திரத்தைத் தவிர, தனக்கென்று எதுவும் எழுதிவைக்கவில்லை. தான் இப்படி ஆவோம் என்று அவர் நினைக்கவில்லை. நாங்களும் நினைக்கவில்லை.

2019 தை மாதம், அறுப்பு முடிந்து வயலில் நிற்கும்போது என்னைக் கேட்டார்: “பாப்பா, நமக்குக் கெழக்க யாரு நெலம்?” கிழக்கே வாய்க்கால். அவரே சங்கிலி பிடித்து அளந்து, கல் நட்ட வாய்க்கால். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் இந்த நோய்க்கு இதுதான் பெயர்: ‘வயசாயிடுச்சு’, ‘சின்னப்புள்ளையாட்டம் ஆயிட்டாரு’. கடையில் 50 ரூபாய்க்கு 500 ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் வந்தபோதும், பேத்தியின் பெயரை விட்டுவிட்டு தன் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதும் இதையே சொல்லிக்கொண்டோம். 2021இல் தஞ்சாவூரில் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா வட்டம் போட்டார். எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதினார். அல்சைமர் வகை டிமென்ஷியா, அதாவது மறதி நோய், நடுக்கட்டத்தில் இருக்கிறது என்றார் மருத்துவர். மாத்திரை எழுதினார். பொறுமையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர்.

ஆனால் அந்த அறையில் யாரும் எங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. ‘இவர் பெயரில் என்ன இருக்கிறது, எந்தக் கணக்கில் யார் கையெழுத்து, இவருக்கு இன்னும் புரிகிற நாட்களுக்குள் என்னென்ன செய்துகொள்ள வேண்டும்?’ என்று எவராவது ஒருவர் கேட்டிருந்தால் எங்கள் மூன்று ஆண்டுகள் வேறுமாதிரி போயிருக்கும். 2019க்கும் 2021க்கும் நடுவே அப்பாவுக்கு நினைவு தடுமாறியது, அறிவு இருந்தது. தன் டெபாசிட்டை அம்மாவோடு கூட்டுக் கணக்காக மாற்றச் சொன்னால் ஏன், எதற்கு என்று கேட்டுப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த இரண்டு ஆண்டுகளை நாங்கள் ‘வயசாயிடுச்சு’ என்று சொல்லியே கழித்துவிட்டோம்.

செலவைச் சொல்கிறேன். கூசாமல் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் இதைச் சொல்வதில்லை.

முதல் வருடம் பெரிய செலவில்லை. அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டோம். கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் நான் பார்த்துவந்த கணக்கு வேலையை 2022 மார்ச்சில் விட்டேன். அப்பா வெளியே போய்விடத் தொடங்கியதுதான் காரணம். ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் காணவில்லை. பதினோரு மணிக்குப் பக்கத்துக் கிராமத்தின் பெண் வி.ஏ.ஓ. தொலைபேசியில் கூப்பிட்டார். அப்பா தன் பழைய அலுவலகத்துக்கு நடந்தே போய் நாற்காலியில் உட்கார்ந்து, “பதிவேட்ட எடுத்துட்டு வா” என்று தலையாரியைக் கூப்பிட்டிருக்கிறார். அந்தத் தலையாரி இறந்து பத்து வருடம். அந்த அம்மா அவரை எழுப்பவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, நாங்கள் வரும்வரை எதிர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை.

அதன் பிறகு ஆள் வைத்தோம். இரவும் பகலும் வீட்டிலேயே தங்கும் உதவியாளருக்கு மாதம் 24,000 ரூபாய், சாப்பாடு தனி. டயப்பர், படுக்கை விரிப்பு 5,000. மருந்து 4,000க்கு மேல். பால், பழம், சத்து மாவு, பிசியோதெரபி என்று இன்னும் ஒரு 5,000. மாதம் 38,000 தொட்டுவிடும். அப்பாவின் பென்ஷன் 23,000 சொச்சம். அந்தப் பென்ஷன் கணக்கு மட்டும் அம்மாவோடு கூட்டுக் கணக்காக இருந்தது. அதனால்தான் நாங்கள் பிழைத்தோம். ஆண்டு நேர்காணலுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லாமல், 70 ரூபாய்க்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து உயிர்வாழ்ச் சான்று பதிந்துகொள்ளும் ஏற்பாட்டை அரசு செய்து வைத்திருந்தது. அப்பாவின் விரலை அந்தச் சின்னக் கருவியில் வைத்துப் பிடித்தபடி தபால்காரர், “சார்தான் எனக்கு சாதிச் சான்றுக்கு ரிப்போர்ட் எழுதுனாரு” என்றார். அரசு நினைத்தால் வாசல்வரை வர முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி எனக்கு வேண்டாம்.

மாதம் 15,000 பற்றாக்குறை. அந்த நேரத்தில் அப்பாவின் தனிப்பெயரில் 9 லட்சத்து 50 ஆயிரம் டெபாசிட்டில் இருந்தது. ஓய்வுபெற்றபோது வந்த பணம், ‘கடைசிக் காலத்துக்கு’ என்று அவரே போட்டுவைத்தது. அம்மா அதை எடுக்கப் போனார். நாமினி தானே, எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மா நம்பியிருந்தார். நம் வீடுகளில் பாதிப்பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். நாமினி என்றால் இறந்த பிறகு பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர், உயிரோடு இருக்கும்வரை அவருக்கு அதில் எந்த உரிமையும் இல்லை என்று மேலாளர் விளக்கினார். அப்பாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போனோம். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் படிவத்தின் நடுவில் மூன்று வட்டம் போட்டார். சரி, கைரேகை வைக்கலாமே என்றேன். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி உண்டு. “அது உடம்பு முடியாதவருக்கு, மனசு முடியாதவருக்கு இல்லைம்மா” என்றார் மேலாளர். கோர்ட்டில் உத்தரவு வாங்கி வாருங்கள் என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று அவர் இளகியிருந்தால், நாளை இன்னொரு வீட்டில் ஒரு பெரியவரின் கையைப் பிடித்து எவனோ ரேகை வைத்துப் பணத்தை உருவிக்கொண்டு போவான்.

அதனால் அம்மாவின் நகை அடகுக்குப் போனது. 18 பவுன். அதே வங்கியில், அதே கவுண்டரில், நூற்றுக்கு ஒன்பது வட்டிக்கு நகைக்கடன். பக்கத்துக் கவுண்டரில் அப்பாவின் டெபாசிட் தானாகப் புதுப்பிக்கப்பட்டு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. தாலிக்கொடியைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து அம்மா சொன்னார், “அவர் பணத்த எடுத்து அவருக்குச் செய்யிறதுக்கு என்னத்துக்குடி என் நகை?” என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் கேட்கிறேன்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை. மூன்று ஆண்டு அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அப்பா 2020 பிப்ரவரியில் அண்ணன் பெயருக்கு ஒரு பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். பதிவு செய்த பத்திரம். நாங்கள் அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினோம். அவர் படித்துவிட்டு மடித்து வைத்தார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவு: அதிகாரம் கொடுத்தவருக்குச் சித்தசுவாதீனம் போய்விட்டால் அதிகாரமும் போய்விடும். எந்த நாளுக்காக ஒரு மனிதன் அந்தப் பத்திரத்தை எழுதிவைக்கிறானோ, அந்த நாள் வந்ததும் அது வெறும் காகிதமாகிவிடுகிறது. என் தம்பி சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அங்கே 2010 முதல் வேறு முறை நடைமுறையில் இருக்கிறது. புத்தி தெளிவாக இருக்கும்போதே, ‘எனக்கு இப்படி ஆனால் இன்னார் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று எழுதி அரசு அலுவலகத்தில் பதிந்துவைக்கலாம். அவருக்குச் சுயமாக முடிவெடுக்கும் திறன் போன பிறகுதான் அந்தப் பத்திரத்துக்கு உயிரே வருகிறது. இங்கிலாந்திலும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே ஏற்பாடு உண்டு. நமக்கு 150 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பிரிவை நாம் இன்னும் அப்படியே வைத்திருக்கிறோம்.

சரி, அதிகாரப் பத்திரம் போகட்டும், நீதிமன்றத்தில் ஒரு காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம் அல்லவா? முன்பு முடிந்தது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் அதற்கென்றே ஒரு முழு அத்தியாயம் இருந்தது. உறவினர் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நிலம் இருந்தால் மாவட்ட ஆட்சியரே மனுப் போடலாம். நீதிபதி விசாரித்து, சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிப்பார். அவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும். வருடா வருடம் நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அந்தச் சட்டத்தின் சொற்கள் பழசு, நோயாளியைப் பார்த்த பார்வையும் பழசு. அதை நான் தாங்கிப் பேசவில்லை. ஆனால் கும்பகோணத்துக் குடும்பம் தஞ்சாவூர் வரை போனால் போதும் என்று ஒரு வழி இருந்தது.

2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தை நீக்கியது. நோயாளியின் மரியாதையை, விருப்பத்தை மையத்தில் வைத்த நல்ல சட்டம். சிகிச்சை விஷயத்தில் தன் சார்பாகப் பேச ஒருவரை நியமித்துக்கொள்ள வழி செய்தது. சொத்து நிர்வாகம் பற்றி ஒரு பிரிவும் வைக்கவில்லை. பழைய கதவை எடுத்தவர்கள் அந்த இடத்தைச் சுவராக்கிவிட்டார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்டக் குழுவிலேயே காப்பாளர் நியமனம் கிடைக்கிறது. அந்தப் பட்டியலில் மறதி நோய் இல்லை.

எங்களுக்கு நடைமுறையில் மிச்சம் இருந்தது உயர் நீதிமன்றம் ஒன்றுதான். அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவின்படி ரிட் மனு. உயர் நீதிமன்றங்கள் கருணையோடுதான் நடந்துகொண்டிருக்கின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2019இல், கோமாவில் இருப்பவர்களுக்குக் காப்பாளர் நியமிக்க வழிகாட்டு நெறிகளையே வகுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024இல் ஒரு வழக்கு வந்தது. கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை செய்ய மனைவி அனுமதி கேட்டார். தனி நீதிபதி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, மனைவியையே காப்பாளராக ஏற்று அனுமதி கொடுத்தது. விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பெயரிலேயே டெபாசிட் செய்யச் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் படித்து நான் அழுதேன். ஆனால் ஐயா, அம்மா, டயப்பர் வாங்க உயர் நீதிமன்றமா? எங்களுக்கு அது மதுரை. 200 கிலோமீட்டருக்கு மேல். வக்கீல் கட்டணம், பயணம், மருத்துவ வாரியச் சான்று எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அதற்கும் நகைதான் போனது. 2024 தொடக்கத்தில் மனுப் போட்டோம். மருத்துவ வாரிய அறிக்கை வருவதற்குள் அப்பாவுக்கு நிமோனியா வந்தது. மனு நிலுவையில் இருக்கும்போதே அவர் போய்விட்டார்.

மேலே சொன்னதெல்லாம் நேரான வழியில் போனவர்களின் கதை. குறுக்கு வழி எவ்வளவு எளிது என்றும் சொல்ல வேண்டும். ஏனென்றால் சட்டம் அடைத்து வைத்திருப்பது நேர் வழியை மட்டும்தான்.

2022இல் ஒருவர் எங்களிடம் சொன்னார்: “காலையில பத்து மணிக்குள்ள அவருக்குக் கொஞ்சம் தெளிவா இருக்குல்ல? அந்த நேரத்துக்குக் கூட்டிட்டு வாங்க. சுயநினைவோட இருக்காருன்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக்கலாம். அம்மா பேருக்கு எல்லாத்தையும் செட்டில்மெண்ட் எழுதிடலாம்.” அவர் கெட்டவர் இல்லை. எங்கள் கஷ்டத்தைப் பார்த்துச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஊரார் எழுதுன பொய்ப் பத்திரத்த எல்லாம் கண்டுபிடிச்ச மனுசன வச்சு நான் பொய்ப் பத்திரம் எழுதவா?” என்று எழுந்து உள்ளே போய்விட்டார். எல்லா வீட்டிலும் இப்படி ஓர் அம்மா இருப்பதில்லை. இந்த நோய் வந்த எத்தனை பெரியவர்களைச் சார்பதிவாளர் அலுவலகப் படிக்கட்டில் கைத்தாங்கலாக ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு மகன் எழுதி வாங்கிக்கொண்டு போவான். பார்த்துக்கொண்ட மகளுக்குப் பிறகுதான் தெரியும். அந்தக் கணத்திலிருந்து பெரியவரின் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு?

பொறுப்பேற்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்ய 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், அந்தச் சட்டம் பெரியவர்களுக்கு நன்மை செய்ய வந்தது, அதை இறுக்கிப் படிக்கக் கூடாது என்று சொல்லி ஒரு தாயின் தானப் பத்திரத்தை ரத்து செய்தது. நல்லது. ஆனால் கோட்டாட்சியர் முன்னால் வந்து ‘என் பிள்ளை என்னைப் பார்த்துக்கொள்ளவில்லை’ என்று சொல்ல, தனக்குப் பிள்ளை இருப்பதாவது நினைவிருக்க வேண்டும் அல்லவா? அதே சட்டத்தில் பராமரிப்புத் தொகையின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். அதை எடுத்துவிட 2019இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த திருத்த மசோதா நிறைவேறாமலே போய்விட்டது. எங்கள் உதவியாளர் சம்பளத்தில் பாதிக்கும் குறைவு அந்த 10,000.

எங்களுக்கே நடந்த இன்னொன்று. 2023இல் தூரத்து உறவினர் ஒருவர் புரோநோட்டோடு வந்தார். அப்பா 2 லட்சம் கடன் வாங்கியதாக, அப்பா கையெழுத்தோடு. தேதி 2021 சித்திரை. கையெழுத்து அப்பாவுடையதுதான். ஆனால் அந்தச் சித்திரையில் அவர் வீட்டுக்கு வந்தவர்கள் நீட்டிய எதிலும் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துப் போடுவது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, பழைய உத்தியோகம் திரும்பியதுபோல. வாங்கினாரா இல்லையா என்று அவரிடம் கேட்க வழியில்லை. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி 80,000 கொடுத்துத் தீர்த்தோம். சட்டப்படி ஒரு காப்பாளர் 2021இலேயே இருந்திருந்தால் அந்த நோட்டு எங்கள் வாசலுக்கு வந்திருக்காது. காப்பாளர் நியமனத்தைப் பணம் எடுக்கும் வழியாக மட்டும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சொத்துக்கு அதுதான் வேலி. இன்னாரைத் தவிர இவர் சார்பில் எவரும் கையெழுத்து வாங்க முடியாது என்று ஊருக்கும் பதிவாளருக்கும் வங்கிக்கும் தெரிந்துவிடும். பார்த்துக்கொள்கிற பிள்ளைமேல் மற்றப் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வராது. கணக்கு நீதிமன்றத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் அண்ணனும் நானும் எட்டு மாதம் பேசாமல் இருந்தது இந்தக் கணக்கால்தான். அவன் அனுப்பிய பணம் எங்கே போனது என்று கேட்டான். நான் பில்லை எல்லாம் எடுத்து அவன் முன்னால் கொட்டினேன். கேட்டதும் தப்பு, கொட்டியதும் தப்பு. அப்பாவின் பணத்தில் அப்பாவுக்குச் செலவு செய்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

இப்போது நான் கேட்பது.

அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில், மனநலக் குறைபாடு 16ஆவது இனம். ஒப்பந்தமும் முகவர் அதிகாரமும் 7ஆவது இனம். இரண்டிலும் சட்டம் இயற்ற உங்களுக்கு அதிகாரம் உண்டு. மத்தியச் சட்டத்தோடு மோதும் இடத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். மற்ற சட்டங்களுக்கு நீங்கள் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். எனவே ‘டெல்லிதான் செய்ய வேண்டும்’ என்ற பதிலை எங்களுக்குத் தர வேண்டாம்.

மாவட்ட நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ காப்பாளர் நியமனத்துக்கு ஒரு சட்டம் கொண்டுவாருங்கள். அரசு மருத்துவமனைச் சான்று போதும் என்று வையுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை நீதிமன்றத்துக்குத் தூக்கி வரச் சொல்லாதீர்கள். தபால்காரர் வந்ததுபோல் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். அவருக்கு எது புரிகிறதோ அதை அவரிடமே கேட்கட்டும். மாதச் செலவுக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டி, அதை எடுக்கும் அதிகாரத்தை 60 நாளுக்குள் கொடுங்கள். நிலம், வீடு விற்பதென்றால் தனி அனுமதி, தனி விசாரணை. எல்லாப் பிள்ளைகளுக்கும் நோட்டீஸ். வருடக் கணக்கு கட்டாயம். ஏமாற்றினால் தண்டனை. சட்டம் வரும்வரை இன்னொன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, மாவட்ட நீதிமன்றமோ மாநில அரசு அறிவிக்கும் அதிகாரியோ, குறிப்பிட்ட முடிவுகளுக்கும் காலத்துக்கும் மட்டுமான ‘வரையறுக்கப்பட்ட காப்பாளரை’ நியமிக்கலாம் என்கிறது. அதே சட்டத்தின் அட்டவணையில் மனநோய்க்குத் தந்துள்ள விளக்கத்தில் நினைவும் இடம் காலம் அறியும் உணர்வும் சீர்குலைவது தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மறதி நோயாளிகளும் இதற்குள் வருவார்கள் என்று ஓர் அரசாணை போட்டு, மாவட்டந்தோறும் விண்ணப்பம் வாங்கச் சொல்லுங்கள். வங்கிகள் அந்த உத்தரவை ஏற்கும்படி மாநில அளவிலான வங்கியாளர் குழுவில் பேசுங்கள்.

ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவுக்கு ஒரு மாநிலத் திருத்தம்: ‘எனக்குச் சித்தம் தவறிய பிறகும் இது செல்லும்’ என்று எழுதிப் பதிந்த அதிகாரப் பத்திரம் செல்ல வேண்டும். இது வந்தால் பெரும்பாலான குடும்பங்கள் நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருக்காது.

சிகிச்சைச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சரின் காப்பீடு, ஓய்வூதியர் காப்பீடு, 2024 அக்டோபரிலிருந்து 70 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் விரிந்த ஆயுஷ்மான் பாரத் எல்லாமே மருத்துவமனையில் படுத்தால் கிடைப்பவை. நிமோனியாவுக்கு ஓய்வூதியர் காப்பீடு பணம் கட்டியது. அதற்கு முந்தைய ஆயிரம் நாட்களுக்கு ஒன்றும் இல்லை. மறதி நோய் மருத்துவமனையில் நடக்கும் நோய் இல்லை. கூடத்தில், குளியலறையில், இரவு மூன்று மணிக்கு நடக்கும் நோய். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் எங்கள் வீட்டுக்கே வந்தன. அந்தப் பையில் மறதி நோய் மாத்திரையையும் சேருங்கள். வட்டத்துக்கு ஒரு பகல் பராமரிப்பு இல்லம் திறங்கள். காலையில் விட்டு மாலையில் கூட்டிவரும் இடம் இருந்திருந்தால் நான் வேலையை விட்டிருக்க மாட்டேன். கேரளம் 2014இலேயே மறதி நோய்க்கென்று ஒரு மாநிலத் திட்டம் தொடங்கிவிட்டது. 60 வயதைக் கடந்த நூறு பேரில் 7 பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது, நாடு முழுவதும் சுமார் 88 லட்சம் பேர் என்று 2023இல் வந்த ஆய்வு சொல்கிறது. முதியோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான் நிற்கிறோம்.

நோயைக் கண்டுபிடிக்கும் நாளில் மாத்திரைச் சீட்டோடு ஒரு தாள் கொடுக்கச் சொல்லி அரசு மருத்துவமனைகளுக்கு உத்தரவிடுங்கள். கணக்குகளைக் கூட்டுக் கணக்காக்குங்கள், உயிலை இப்போதே எழுதிப் பதியுங்கள், நாமினி என்றால் என்ன, யாரிடமும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட விடாதீர்கள் என்று தமிழில் ஒரே ஒரு பக்கம். அச்சடிக்கும் செலவு மிகச் சிறியது. அந்தத் தாள் 2021இல் எங்கள் கையில் இருந்திருந்தால், நடுக்கட்டத்திலும் சில நல்ல காலைகள் இருந்த அந்த முதல் மாதங்களில், மருத்துவரை வைத்துக்கொண்டு நேர்மையாகவே ஏதாவது செய்திருப்போம்.

எங்கள் கோப்பு என்னிடம் இருக்கிறது. வங்கிக்கு எழுதிய கடிதங்கள், அவர்கள் தந்த பதில்கள், நகைக்கடன் ரசீதுகள், மருத்துவச் சீட்டுகள், செல்லாத அதிகாரப் பத்திரம், முடியாமல் போன மனுவின் நகல். எல்லாவற்றையும் அப்பா வழக்கப்படி தேதிவாரியாக அடுக்கி, பக்க எண் போட்டு, மேலே ஓர் அட்டவணை எழுதி வைத்திருக்கிறேன். உங்களில் எவராவது ஒருவர் அடுத்த கூட்டத்தொடரில் இதைப் பற்றிக் கேள்வி கேட்கவோ தனிநபர் மசோதா கொண்டுவரவோ முன்வந்தால், கோப்பை எடுத்துக்கொண்டு சென்னைக்கு நானே வருகிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்கிறார். நகை இன்னும் முழுசாக மீளவில்லை. ஆனால் பேச வேண்டியதை அவரே பேசுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவரின் மகள்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்